பூசைக்கு வைத்த கம்பியூட்டர்

பெண்டாட்டி ஷாமிலாவும் தன் அம்மாவும் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பிரதாப் வாசல் திண்ணையான இஸ்தோப்பிலேயே நின்றான். அர்ச்சனைத் தட்டோடு ஷாமிலா முன்னால், குடையை ஊன்றிக்கொண்டு அம்மாக்கண்ணு பின்னால். தேயிலைக்கு நடுவே இறங்குகிற குறுக்குப் பாதையில் இரண்டு சேலைகளும் சின்னதாகிக்கொண்டே போய், மாரியம்மன் கோயில் வளைவில் திரும்பின. உடனே உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். பெண்டாட்டி கோயிலுக்குப் போன நேரம் பார்த்துக் கதவைத் தாழிடுகிற ஆண்பிள்ளையைப் பற்றி லயத்து வரிசை வீடுகளில் என்ன பேசுவார்கள் என்று அவனுக்குத் தெரியாததல்ல. ஆனால் அவன் தாழிட்டது பெண்டாட்டியின் கம்பியூட்டரைக் கழற்றுவதற்கு. இரண்டில் எது தேவலை என்று ஷாமிலாவைக் கேட்டிருந்தால் அவளும் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லியிருப்பாள்.

அன்று ஆயுத பூசை. ஆனைப்பாறைத் தோட்டத்தில் அன்றைக்கு எந்த ஆயுதமும் வேலை செய்யக் கூடாது. பிரதாப் எண்ணெய் விட்டுப் பார்த்துக்கொள்கிற ஃபெக்டரி மெஷின்களுக்கெல்லாம் முதல்நாளே சந்தனம் தெளித்து, வாழைக்கன்று கட்டி ஓய்வு கொடுத்தாயிற்று. வீட்டில் சாமிப் படங்களுக்குக் கீழே பலகை போட்டு, அம்மாக்கண்ணுவின் கொழுந்துக் கூடை, கொழுந்து வெட்டும் கத்தரி, புல் வெட்டும் கத்தி, பிரதாப்பின் ஸ்குரூ ட்ரைவர் பெட்டி, எல்லாவற்றுக்கும் நடுவில் மாப்பிள்ளை மாதிரி ஷாமிலாவின் கம்பியூட்டர். ஒவ்வொன்றுக்கும் ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டால், மறுநாள் காலையில் மறுபூசை முடிகிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. தொட்டால் என்ன ஆகும் என்று அம்மாக்கண்ணு ஒருநாளும் விளக்கியதில்லை. விளக்காததால் பயம் கூடுதலாகவே இருந்தது.

பிரதாப் வாரக்கணக்காகக் காத்திருந்தது இந்த ஒரு நாளுக்காகத்தான். மற்ற நாட்களில் ஷாமிலா அந்தக் கம்பியூட்டரை விட்டு எழுந்தால்தானே! கொழும்புக் கம்பனி ஒன்று கட்டப்போகிற வீடுகளின் உட்புறத்தை, கட்டுவதற்கு முன்பே போட்டோ எடுத்த மாதிரி வரைந்து கொடுப்பது அவள் வேலை. யார் யாரோ குடியிருக்கப்போகிற பளிங்குச் சமையலறைகள் எல்லாம் ஆனைப்பாறைத் தோட்டத்து மேற்கணக்குப் பிரிவில், லயத்தின் கோடிக் காம்பரா வீட்டில், தகரக் கூரைக்கு அடியில்தான் முதலில் பிறந்தன. இதுவரைக்கும் துண்டு துண்டாகக் கிடைத்த வேலை. இப்போது நிரந்தரமாக ஓர் ஆளை எடுக்கப்போகிறார்கள். இவளிடமும் இன்னொரு பெண்ணிடமும் பரீட்சை மாதிரி ஒரு படம் கேட்டிருந்தார்கள். அதை முடித்து முந்தின நாளே அனுப்பிவிட்டாள். இந்த வேலை கிடைத்தால் ஹட்டன் டவுனில் ஒரு வீடு, அதில் கதவு வைத்த தனி அறை ஒன்று, அந்த அறையில் மேசை. அவள் ஆசை அவ்வளவுதான். அனுப்பி முடித்த நிம்மதியில்தான் காலையில் கம்பியூட்டரைத் துடைத்துத் தூக்கிவந்து, "இதுதான மாமி என்னோட கொழுந்துக் கூட" என்று சொல்லிப் பலகையில் வைத்தாள்.

அந்தக் கம்பியூட்டருக்கு ஒரு வியாதி இருந்தது. சூடு. ஊரே ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்குகிற குளிரில், அந்த வீட்டில் வேர்க்கிற ஒரே ஜீவன் அதுதான். பெரிய படம் ஒன்றைக் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் தொண்ணூற்றைந்து டிகிரியைத் தொட்டுவிடும். பிறகு வெந்து போகாமல் இருக்கத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு நொண்டும். ஃபேன் மாற்றிப் பார்த்தான், ஜன்னலோரம் வைத்துப் பார்த்தான். வீடியோக்களாகப் பார்த்துக் கடைசியில் காரணத்தைப் பிடித்தான். கம்பியூட்டரின் மூளையான புரொசஸர் என்பது உண்மையில் விரல்நகம் அளவு சில்லு. அதன் தலையில் ஓர் உலோக மூடியைக் கவிழ்த்து ஒட்டியிருக்கிறார்கள். சில்லுக்கும் மூடிக்கும் நடுவே கம்பனிக்காரன் தடவிய பசை வருசக்கணக்கில் காய்ந்து பொருக்காகிவிட்டது. சூடு மூடிக்கு ஏறவே முடியாமல் உள்ளேயே கிடந்து அவிகிறது. மூடியைப் பிளந்து, பழைய பசையைச் சுரண்டி, அந்த இடத்தில் லிக்விட் மெட்டல் தடவி மூடினால் இருபது டிகிரி இறங்கும். இறங்கினால் வேகத்தைக் கூட்டலாம். கம்பனி சொன்னதற்கு மேலேயும் கூட்டலாம். அந்த 'மேலேயும்' என்ற சொல்லில்தான் பிரதாப்புக்குத் தூக்கம் போனது.

எதையும் அது வந்த வேகத்தில் ஓடவிட அவனுக்கு மனம் வராது. ரைஸ் குக்கரைச் சீக்கிரம் வேகவைக்கப் போய் அடியைக் கருக்கினான். சித்தப்பாவின் த்ரீவீலுக்குக் காற்று வழியைப் பெரிசாக்கிக் கொட்டகலை ஏற்றத்தில் நிறுத்தினான். ஃபெக்டரியில் ரோலர் பெல்ட்டை ஒரு சுற்று இறுக்கியதற்குப் ஃபெக்டரியை நடத்துகிற பெரிய டீமேக்கரிடம் வாங்கிய ஏச்சு ஊருக்கே தெரியும். கெட்டது செய்ய வேண்டும் என்று எதையும் தொட்டதில்லை. சும்மா இருக்க முடியாது, அதுதான் அவனுக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம். கல்யாணமான புதிதில் ஷாமிலா சிரித்தாள். இரண்டாவது வருசத்தில் சிரிப்பு நின்றது. புரொசஸர் விசயத்தை அவன் மெதுவாக எடுத்தபோது அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஊருல எத வேணும்னாலும் தொறந்து பாருங்க. இதுல மட்டும் கை வைக்காதீங்க. இது ஒண்ணுதாங்க எனக்கு இருக்கு."

"சரி புள்ள" என்றான். சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னான்.

இப்போது பலகையின் முன் மண்டியிட்டான். ஸ்குரூ ட்ரைவர் பெட்டியின் மேலே பொட்டு. அதைத் தொட முடியாது. நல்லவேளையாகக் கம்பியூட்டரின் பக்கத் தகட்டைக் கையாலேயே திருகலாம். உள்ளே ஃபேனையும் கையாலேயே கழற்றலாம். ஆயுதத்தைத்தானே பூசைக்கு வைத்திருக்கிறது, விரலை யாரும் வைக்கவில்லையே என்று தனக்குத் தானே வாதாடி ஜெயித்தான். ஃபேனைக் கழற்றி உள்ளேயே ஓரமாகப் படுக்க வைத்தான். சின்ன நெம்புகோலைத் தூக்கி, புரொசஸரை நகங்களால் பிடித்து எடுத்து, பஞ்சில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டான். அது இருந்த இடத்தில் தங்க நிறத்தில் ஆயிரத்துக்கும் மேலே ஊசி முனைகள் சதுரமாக மினுங்கின. தகட்டை மூடினான். வெளியே பார்த்தால் பொட்டு வைத்த அதே கம்பியூட்டர். சாமிப் படங்களைப் பார்க்காமல் கதவைத் திறந்தான். ஷாமிலாவுக்கு ஒரு மெசேஜ் போட்டான்: ஃபோன் கடை றுமைஸ் வரச் சொன்னான், டவுனுக்குப் போய் வருகிறேன்.

ஹட்டன் பஸ்ஸின் முகத்திலும் வாழையிலை கட்டியிருந்தது. வழியெல்லாம் அவன் சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். நினைத்து வைத்திருந்தது அழகுமுத்து அண்ணனின் கராஜை. அங்கே இருக்கிற இரும்பு இடுக்கியான வைஸில் புரொசஸரை ஓரமாக இடுக்கி, மெல்ல முறுக்கினால் மூடி தானாகக் கழன்று வந்துவிடும். பிளேடு போட வேண்டியதில்லை. ஆனால் கராஜில் போய்ப் பார்த்தால் வைஸுக்கு மாலை போட்டிருந்தது. அதன் இரண்டு தாடைகளுக்கும் நடுவே எலுமிச்சம்பழம். இத்தனை வாரமாக இந்த நாளுக்காகக் காத்திருந்தவன், இந்த நாளில் ஊரிலுள்ள எல்லா வைஸுக்கும் மாலை விழுந்திருக்கும் என்பதை யோசிக்கவே இல்லை.

"அண்ணே, ரெண்டே நிமிசம். பழத்த நானே மறுபடி வச்சிர்றேன்."

அழகுமுத்து சுண்டல் தின்றுகொண்டே அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன்டா, நல்ல நாளும் அதுவுமா ஒனக்கு அப்பிடி என்னாடா அவசரம்? நாளைக்கி வா."

நாளைக்கு ஷாமிலா கம்பியூட்டரில் உட்கார்ந்துவிடுவாள். திரும்பிப் போய்ப் புரொசஸரை மாட்டி வைத்திருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அந்த எண்ணம் அவனுக்கும் வந்தது. கராஜ் வாசலில் நின்று ஒரு சுண்டல் பொட்டலத்தை வாங்கித் தின்று முடிக்கிற வரைக்கும் கூட இருந்தது. பிறகு கால் தானாக றுமைஸின் கடைப்பக்கம் திரும்பியது.

றுமைஸ் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஃபோன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். பள்ளிக்கூட நாளிலிருந்து சினேகம். பிரதாப் கொழும்பிலிருந்து பார்சலில் வரவழைத்த லிக்விட் மெட்டல் ஊசிக்குழாய் அவன் மேசை லாச்சியில்தான் ஒளிந்திருந்தது. வைஸ் இல்லை. சூடு ஊதுகிற கன்னும் மெல்லிய பிளேடும் இருந்தன.

"நல்லா ஓடுற சாமான எதுக்கு மச்சான் பொளக்கிறே?"

"இன்னும் நல்லா ஓடும்."

"ஷாமிலாவுக்குத் தெரியுமா?"

பிரதாப் பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்தான். றுமைஸ் கடையின் கதவை ஒருக்களித்துவிட்டு வந்து விளக்கைத் திருப்பிக் கொடுத்தான்.

புரொசஸரின் பச்சைப் பலகை பிஸ்கட்டை விட மெல்லிசு. அதன் மேல் மூடியைச் சுற்றிலும் கறுப்பு ரப்பர் மாதிரி ஒட்டு. கன்னால் இலேசாகச் சூடு காட்டி, ஒரு மூலையில் பிளேடின் நுனியைக் கொடுத்தான். கொஞ்சம் மேலே போனால் உலோகம், கவலையில்லை. கொஞ்சம் கீழே போனால் பச்சைப் பலகையில் கீறல் விழும். தலைமுடியை விட மெல்லிய செம்புக் கோடுகள் அதற்குள் ஓடுகின்றன, ஒன்று அறுந்தாலும் செத்தது. ரொம்ப ஆழம் போனால் நடுவிலிருக்கிற சில்லையே குத்திவிடும். கை ஆடவில்லை. அதுதான் அவனைப் பற்றிய விசித்திரம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது முழங்காலை ஆட்டி, விரலை நெட்டி முறித்து, பக்கத்தில் இருப்பவனைப் பைத்தியமாக்குகிறவன், இந்த மாதிரி ஒரு சாமானைப் பிளக்கும்போது மட்டும் மூச்சுக்கூட அளந்து விடுவான். உலகத்திலேயே அவனுக்கு அமைதி கிடைக்கிற இடம் அது ஒன்றுதான். ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம், அதற்கடுத்த பக்கம். நாலாவது பக்கத்தில் பிளேடு பாதி போகும்போதே 'டிக்' என்று சின்னச் சத்தம். மூடி கழன்று மேசையில் விழுந்தது.

சாம்பல் நிறப் பசை காய்ந்து வெடித்திருந்தது. பஞ்சால் துடைக்கத் துடைக்க, உள்ளேயிருந்து கண்ணாடி மாதிரிச் சில்லு வெளியே வந்தது. அதில் கடையின் டியூப் லைட் ஒரு கோடாக விழுந்திருந்தது. ஷாமிலா அத்தனை மாதமாக வரைந்த சமையலறைகள், மாடிப்படிகள் எல்லாம் இந்த இத்துனூண்டு இடத்துக்குள்ளிருந்தா வந்தன? இப்படி ஒரு சந்தோசம் பிரதாப்புக்குக் கல்யாணத்தன்றுதான் வந்திருந்தது.

அப்போது ஃபோன் அடித்தது. ஷாமிலா.

"ஏங்க, கம்பியூட்டர் செத்துப் போச்சுங்க."

அவன் சில்லைப் பார்த்துக்கொண்டே எழுந்து நின்றான். "நீ ஏன் அதத் தொட்டே?" என்றான். கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வியின் யோக்கியதை அவனுக்கே உறைத்தது.

"கம்பனில இருந்து மெசேஜ் வந்திச்சுங்க. சமையலறச் செவரு கலர மாத்தணுமாம், ஜன்னல் வெளிச்சத்தக் கூட்டணுமாம். இன்னைக்கி ஆறு மணிக்குள்ள அனுப்பணும். இல்லாட்டி மத்தப் புள்ளைய எடுத்துருவாங்களாம். நா என்னா செய்றது? சாமிய நல்லாக் கும்புட்டுட்டுத்தாங்க பலகைல இருந்து எடுத்துச் சுவிச்சப் போட்டேன். ஃபேன் சத்தம் மட்டும் வருது, படம் வரல. தொறந்து பாத்தா உள்ளுக்குள்ள ஃபேன் கழண்டு கெடக்குது." அவள் குரல் உடைந்தது. "பொட்டு வச்சதத் தொட்டதாலதான்னு மாமி அழுவுறாங்க. ஏங்க... நா தொட்டதாலதானா?"

றுமைஸ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்குப் பதில் சொன்னால் புரொசஸரைச் சட்டைப்பையில் போட்டுவந்த கதையெல்லாம் வெளியே வரும். போய் மாட்டிவிட்டால் சரியாகப் போகிற விசயம். அவள் இப்போது அறியத்தான் வேண்டுமா?

"அப்பிடியும் இருக்கும் புள்ள" என்றான். "நா வந்து பாக்குறேன். நீ ஒண்ணையும் தொடாத."

ஃபோனை வைத்ததும் றுமைஸ் சொன்னான், "பாவம் மச்சான் அது."

"போய் மாட்டிருவேன்டா."

"நா அதச் சொல்லல."

பிறகு எல்லாம் ஓட்டந்தான். ஊசிக்குழாயிலிருந்து ஒரு துளியைச் சில்லின் மேல் விட்டான். பாதரசம் மாதிரி உருண்டு ஓடப் பார்த்ததைப் பஞ்சுக் குச்சியால் தேய்க்கத் தேய்க்க ஒட்டிக்கொண்டு படர்ந்தது. மூடியின் உட்பக்கத்திலும் தடவினான். ஓரங்களில் கடுகளவு ஒட்டு வைத்து மூடியைக் கவிழ்த்தான். ஒட்டு இறுக ஒரு நாள் வேண்டும், அவனிடம் ஒரு மணி நேரம் கூட இல்லை. றுமைஸ் தன் மகளுக்கு வாங்கி வைத்திருந்த கம்மல் பெட்டியைக் காலி செய்து கொடுத்தான். பஸ்ஸுக்குக் காத்திராமல் த்ரீவீல் பிடித்தான். மழை தொடங்கியிருந்தது. தோட்டத்து ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்திலும் த்ரீவீல் குதிக்க, கம்மல் பெட்டியை உள்ளங்கையில் மட்டமாக ஏந்தி, மற்றக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் வந்தான். மூடி ஒரு நூல் நகர்ந்தாலும் போச்சு. மெதுவாப் போங்க என்பான், உடனே சீக்கிரம் போங்க என்பான். டிரைவர் கடைசியில் இரண்டையும் காதில் வாங்குவதை விட்டுவிட்டார்.

வீட்டுக்குள் கற்பூரப் புகை மூட்டமாக நின்றது. ஷாமிலா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். அம்மாக்கண்ணு அவனைக் கண்டதும் எழுந்து ஓடி வந்தாள்.

"வந்துட்டியா சாமி! ஒண்ணும் பயப்புடாத. குத்தம் கழிச்சுட்டேன். நீயும் ஃபோன்ல அப்பிடித்தான் இருக்கும்னியாமே, அதுக்கப்பறம் எனக்கு இருப்புக் கொள்ளல. பாவம், இந்தப் புள்ள என்னா தெரிஞ்சா செஞ்சிச்சு? எல்லாத்துக்கும் மறுபடி சூடம் காட்டிட்டேன். வெளிய வச்ச பொட்டு பத்தலன்னு உள்ளுக்கும் வச்சிருக்கேன்."

"உள்ளுக்கா?"

அவன் கம்பியூட்டரின் முன் மண்டியிட்டான். பக்கத் தகடு திறந்து கிடந்தது. உள்ளே, தங்க ஊசிகள் மினுங்கிய அந்தச் சதுரத்தின் நட்டநடுவில், பெருவிரலால் அழுத்தி வைத்த சந்தனம். அதன்மேல் குங்குமம். கம்பியூட்டரின் குடலையெல்லாம் பார்த்துவிட்டு, இருப்பதிலேயே அழகாகத் தங்கமாக மினுங்கிய இடம்தான் அதன் நெற்றி என்று அம்மா முடிவு செய்திருக்கிறாள். மருமகள் மேல் பழி வரக்கூடாது என்று கொஞ்சம் தாராளமாகவே வைத்திருந்தாள்.

பிரதாப் குனிந்து அந்தப் பொட்டைப் பார்த்தான். தப்பிக்க வழி இருக்கிறதா என்று அவன் மூளை சுற்றிச் சுற்றி ஓடியது. எந்தப் பக்கம் ஓடினாலும் கடைசியில் கம்மல் பெட்டியில் வந்து நின்றது. அதை எடுத்துத் தரையில் வைத்துத் திறந்தான்.

ஷாமிலா எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அது என்னவென்று தெரிய நேரம் ஆகவில்லை.

"இது எங்க இருந்திச்சு?"

"ஹட்டன்ல. றுமைஸ் கடைல." அவன் தலையைத் தூக்கவில்லை. "நீ தொட்டதால இல்ல புள்ள. நீங்க கோயிலுக்குப் போனப்பவே நாந்தான் கழட்டிட்டேன். ஆயுதம் ஒண்ணையும் தொடல. வெரலாலதான் கழட்டுனேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை ஏன் சொன்னான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. அம்மாக்கண்ணுவுக்கு விசயம் பிடிபட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப சாமி குத்தம் இல்லியா!" என்று நெஞ்சில் கை வைத்தாள். பிறகு மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் குசினி அடுப்படிப் பக்கம் போனாள்.

ஷாமிலா கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் எழுந்து போய் ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும், ஸ்பிரிட் போத்தலும், ஃபோன் டோர்ச்சும் கொண்டுவந்தாள். "எப்பிடித் தொடைக்கணும்னு சொல்லுங்க" என்றாள். அவள் குரலில் இருந்த மரியாதைதான் அவனைச் சுட்டது.

சந்தனத்தின் ஈரம் இன்னும் காயாதது அதிர்ஷ்டம். ஊசிகள் சாய்ந்திருக்கிற பக்கமாகவே, ஸ்பிரிட்டில் நனைத்த பிரஷ்ஷின் நுனியால், ஒரு தடவைக்கு ஒரு வரிசை. எதிர்ப்பக்கம் இழுத்தால் வளைந்துவிடும். அவன் துடைக்க அவள் வெளிச்சம் பிடித்தாள். ஸ்பிரிட் ஆவியாக ஆவியாகச் சந்தன வாசம் அறை முழுக்க எழுந்தது. கூரையில் மழை. இருவர் தலையும் இடித்துக்கொள்கிற அளவுக்குக் கிட்டத்தில் இருந்தும் அவள் மூச்சு அவன் மேல் படவில்லை, முகத்தைத் திருப்பி வைத்திருந்தாள். பாதியில் அவன் கை நடுங்கியது. பிளேடு பிடித்தபோது ஆடாத கை. அவள் டோர்ச்சை அவனிடம் கொடுத்துவிட்டுப் பிரஷ்ஷை வாங்கிக்கொண்டாள்.

"ஒட்டு இன்னும் காயல" என்று சொல்லிக்கொண்டே புரொசஸரை மெல்ல வைத்து, நெம்புகோலை இறக்கி, ஃபேனை மாட்டி, சுவிச்சைப் போட்டான். திரை கறுப்பு. மறுபடி கழற்றினார்கள், ஓரத்து ஊசிகளில் ஒட்டியிருந்த குங்குமத் துகளை அவள்தான் கண்டுபிடித்தாள். மறுபடி மாட்டினார்கள். ஃபேன் சுற்றியது. திரை ஒருமுறை இமைத்து வெளிச்சமானது.

"பாரு புள்ள! சூட்டப் பாரு!" அவனால் அடக்க முடியவில்லை. "சும்மா இருக்குறப்பவே அம்பத்தஞ்சுல கெடந்தது, இப்ப முப்பத்தெட்டு!"

ஷாமிலா அந்த எண்ணைப் பார்க்கவில்லை. முக்காலியை இழுத்து உட்கார்ந்து சமையலறையைத் திறந்தாள். சுவரை மாற்றினாள், ஜன்னலுக்கு வெளிச்சம் கொடுத்தாள், இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுப் படத்தைக் கம்பியூட்டரிடம் முழுசாகச் சமைக்கக் கொடுத்தாள். திரையின் அடியில் ஒரு நீலக் கோடு தோன்றி, இன்னும் எவ்வளவு நேரமாகும் என்று காட்டியது. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிரதாப்பும் பார்த்தான். சூடு ஏறவேயில்லை, வேகம் நொண்டவேயில்லை, ஆனாலும் கணக்கு ஆறு மணியைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே விழுந்தது. மத்தியானமே தொடங்கியிருந்தால் பழைய நொண்டல் வேகத்திலேயே முடிந்திருக்கும். இருவருக்கும் அது தெரிந்தது.

"கொழும்புல ஒரு வார்த்த கேட்டுப் பாரேன். அஞ்சு பத்து நிமிசம்..."

"கேட்டுட்டேன். ஒண்ணும் சொல்லல."

அவன் முழங்கால் ஆடத் தொடங்கியது. எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். இப்போது அவன் சொன்னதை வெறும் கிறுக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. கணக்கு அவன் பக்கம்தான் இருந்தது.

"இங்க பாரு, இதுக்குத்தான் நா இத்தன பாடுபட்டதே. இப்ப சூடு இல்ல. வேகத்த ஏத்தலாம். ஒருக்கா நிப்பாட்டித் திரும்பப் போட்டா, ஆறுக்கு முன்னாடி முடிஞ்சிரும். சத்தியமா முடியும்."

"முடியாட்டி?"

"முடியும்னு சொல்றேன்ல."

"ஒட்டு இன்னும் காயலன்னு நீங்கதானே சொன்னீங்க."

"அது ஒண்ணும் ஆவாது. ஒரே ஒரு தடவ, ஷாமிலா. அஞ்சே நிமிசம்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் வலது கை விசைப்பலகைக்குப் போய்விட்டது. அவன் அனுப்பவில்லை, அது தானாகப் போனது. ஷாமிலா அந்தக் கையின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தபடியே எழுந்து அவனைப் பலகைக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனாள். கொழுந்துக் கூடைக்கும் கத்தரிக்கும் நடுவே, கம்பியூட்டர் எடுத்த இடம் காலியாக இருந்தது. அங்கே உட்காருங்க என்பது போல் தோளை அழுத்தினாள். அவன் உட்கார்ந்தான். அவன் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் கவிழ்த்து வைத்தாள். சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தோய்த்து, வலது புறங்கையில் ஒரு பொட்டு, இடது புறங்கையில் ஒரு பொட்டு. அதன்மேல் குங்குமம். பொட்டு வட்டமாகவே விழுந்தது.

"நாளைக்கி மறுபூச வரைக்கும்" என்றாள்.

திரும்பிப் போய் முக்காலியில் உட்கார்ந்தாள். அழுகிறாளா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

அம்மாக்கண்ணு குசினியிலிருந்து பிளேன்டீ கொண்டுவந்து மகன் முன்னால் வைத்தாள். அவன் கைகளைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். டம்ளரை எடுத்து அவன் வாயில் வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே நின்றுவிட்டுப் போனாள். மழை விட்டு, கதவு வழியாகப் பனி உள்ளே வரத் தொடங்கியது. அந்தக் குளிரில் தேநீர் ஆவி பறந்துகொண்டிருந்தது. திரையில் சமையலறை கட்டம் கட்டமாகத் தெளிந்து வந்தது. முதலில் கூரை, பிறகு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே மலையில்லாத ஊரின் வெயில். நீலக் கோடு நகர்கிற மாதிரியும் இருந்தது, நகராத மாதிரியும் இருந்தது. கடிகாரம் மட்டும் நகர்ந்தது. பிரதாப் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். சந்தனம் காயக் காயத் தோலை இழுத்துப் பிடித்தது. வலது கையின் சுட்டுவிரல் தன்னை அறியாமல் ஒருமுறை அசைந்தது. பொட்டின் ஓரத்தில் மெல்லிசாக ஒரு வெடிப்பு விழுந்தது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலை நிறுத்தினான்.